நிழலாடிய மாளிகைகள் – 9: கிர்காமில் ஒரு ஜீர்ணோத்தாரணம்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், நம் கீழ்பென்னாத்தூரை ஒட்டிய சிற்றூர்களில், மல்லாட்டை பிடுங்கி முடிந்த கொல்லைகளின் ஓரமாகக் கித்தான் கூரையும் மூங்கில் தட்டியுமாய் எழும்பி, சில மாதங்கள் விளங்கி, பின்னர் அடையாளமின்றி மறைந்துபோன டூரிங் டாக்கீஸ்களின் விருத்தாந்தத்தைச் சென்ற பகுதியில் சொல்லி முடித்தோம். மணல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரே புரொஜெக்டரைக் கொண்டு ஓட்டப்பட்ட படத்தை, ரீல் முடியுந்தோறும் விளக்கேற்றிச் சோடாவும் முறுக்கும் விற்ற இடைவெளிகளோடு பார்த்துக் களித்த அந்தத் தலைமுறைக்குச் சினிமாக் கொட்டகை என்பது நிலைத்து நிற்க வேண்டிய ஒரு கட்டடம் என்ற எண்ணமே தோன்றியிருக்க நியாயமில்லை. சட்டமும் அவ்வாறே கருதியது. சென்னை மாகாணத்தில் 1955-இல் இயற்றப்பட்ட சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நிரந்தரக் கொட்டகைக்கு ஒருவகை உரிமமும், ஊர் ஊராகப் பெயரும் கொட்டகைக்கு வேறுவகை உரிமமும் என்று பிரித்து வைத்து, பின்னதற்கு ஓரிடத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் தங்க அனுமதியில்லாமற் செய்திருந்தார்கள்.

இவற்றுக்கு நேர்மாறாக, நூறாண்டு கடந்து நிற்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு கல்லும் இரும்பும் பொன்வண்ணமுமாக நிர்மாணிக்கப்பட்டு, பாதி வழியில் பாழடைந்து, மறுபடியும் பழைய பொலிவோடு திறக்கப்பட்ட ஓர் அரங்கத்தின் சரித்திரத்தை இந்தப் பகுதியில் பார்க்கலாம். அது மும்பை நகரத்தின் கிர்காம் பகுதியில், சர்னி ரோடு ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள ராயல் ஆபெரா ஹவுஸ். தமிழ்நாட்டு அரங்குகளைப் பற்றிய இந்தத் தொடரில் மும்பைக்கு ஏன் போகவேண்டும் என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். நம்மிடம் இருந்த பேரரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இடிபட்ட கதைதான் உண்டு. 1952-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் ‘பராசக்தி’ படத்தோடு திறக்கப்பெற்று, ஆசியாவிலேயே பெரியது என்று மதுரை மக்கள் பெருமையோடு சொல்லிக்கொண்ட தங்கம் தியேட்டர், 2,500-க்கு மேற்பட்டோர் ஒரே வேளையில் அமரத்தக்க அந்தப் பிரம்மாண்டம், இன்று இல்லை. அந்த இடத்தில் ஒரு ஜவுளி மாளிகை நிற்கிறது. பாழடைந்த அரங்கொன்று மீட்கப்பட்ட கதையைச் சொல்ல விரும்புபவன் எல்லை தாண்டித்தான் தேடவேண்டியிருக்கிறது.

கிர்காமுக்குச் சலனப்படச் சரித்திரத்தில் உள்ள ஸ்தானம் சாமானியமானதன்று. தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது இந்தப் பகுதியில் இருந்த கொரொனேஷன் என்னும் கொட்டகையில். இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14-ஆம் தேதி வெளியானதும் இதே கிர்காமின் மெஜஸ்டிக் தியேட்டரில்தான். அந்தப் படத்துக்காக எழுந்த அரங்க அமைப்பிலேயே, அதன் இயக்குநர் அர்தேஷிர் இராணியின் நிறுவனம் தயாரித்த ‘காளிதாஸ்’ அவ்வாண்டு அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளிவந்து தமிழ்ப் பேசும் படத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது என்பதை இத்தொடரின் வாசகர்கள் அறிவார்கள். ஆகவே கிர்காம் நமக்கு முற்றிலும் அந்நியமான பிரதேசமன்று.

அந்தக் கிர்காமில் இப்படி ஓர் அரங்கம் எழுப்பவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டளவில் திட்டமிட்டவர்கள் இருவர். ஒருவர் நிலக்கரி வணிகத்தில் செல்வம் ஈட்டிய பார்சிப் பிரமுகர் ஜஹாங்கீர் ஃபிராம்ஜி கராகா. மற்றவர் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு நாடகக் குழுக்களை நடத்திய மாரிஸ் பாண்ட்மன். இந்தப் பாண்ட்மனைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். மத்தியதரைக் கடலின் வாயிலில் உள்ள ஜிப்ரால்டர் தொடங்கிக் கீழ்க்கோடி ஜப்பான் வரையில், துறைமுகம் துறைமுகமாகக் கப்பலேறி, ஆங்கில நாடகங்களையும் இசை நாடகங்களையும் கொண்டுசென்று அரங்கேற்றியவர் அவர். அவருடைய நடிகர்களும் வாத்தியக்காரர்களும் திரைச்சீலைகளும் ஆண்டு முழுவதும் பிரயாணத்திலேயே இருந்தார்கள். இப்படி ஓரிடத்தில் தங்காமல் அலைந்த மனிதர்தான் கல்கத்தாவில் எம்பயர் தியேட்டரையும், பம்பாயில் இந்த மாளிகையையும் நிலையாக நாட்டிவிட்டுப் போனார். நம் கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட்டின் சரித்திரமும் இதை ஒத்ததே. ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தைச் சுமந்துகொண்டு நாடெங்கும் சுற்றித் திரிந்த பின்னரே 1914-இல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். நிலையான அரங்கின் அருமையை அலைந்து அறிந்தவர்களே அதை எழுப்பியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கூடாரத்துக்கும் மாளிகைக்கும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவு உண்டு.

1911 டிசம்பரில், டில்லி தர்பாருக்காக இந்தியாவுக்கு வந்து பம்பாயில் இறங்கிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், வேலை முடியாதிருந்த நிலையிலேயே ராயல் ஆபெரா ஹவுஸைத் திறந்துவைத்தார். மறு ஆண்டில் பிரதானக் கட்டடம் முற்றுப்பெற்றது. ‘ராயல்’ என்ற அடைமொழி அரச அனுமதியோடு பெயரின் முன் நின்றது. ஐரோப்பாவின் பரோக் பாணியையும் இந்தியக் கைவினையையும் கலந்து அமைந்த முகப்பு. உள்ளே நுழைந்தால், பாக்தாத்திலிருந்து வந்து பம்பாயில் பெருவணிகராய் விளங்கிய டேவிட் சஸூனின் ‘சான் சூசி’ மாளிகையில் முன்பு ஒளிர்ந்து, அக்குடும்பத்தாரால் அன்பளிப்பாக வழங்கப்பட்ட படிகச் சரவிளக்குகள். அரங்கின் தலைக்குமேல் எட்டுக் கூறுகளாகப் பகுக்கப்பட்டு, கவிஞர்களுக்கும் நாடகாசிரியர்களுக்கும் காணிக்கையாகச் சித்திரம் தீட்டப்பட்ட குவிமாடம். மேடையின் இருபுறமும் பிரபுக்கள் குடும்பத்தோடு அமர்வதற்கென்று அமைந்த தனி மாடங்கள். உச்சிக் காலரியில் குறைந்த கட்டணத்தில் அமர்ந்தவனுக்கும் பாடகியின் சொல் தெளிவாகக் கேட்கும்படி மேற்கூரையின் வளைவு வகுக்கப்பட்டிருந்தது என்பதே இதன் சிறப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கட்டடமே ஒலிபெருக்கியாக இருக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஆங்கில ஆபெராவைக் கேட்பவர்களை மட்டும் நம்பி இத்தனை பெரிய ஸ்தாபனம் நெடுநாள் ஜீவிக்க முடியவில்லை. மராட்டிய நாடக மேடையின் சக்கரவர்த்தியான பால கந்தர்வரும், தீனாநாத் மங்கேஷ்கரும் இங்கே பாடி நடித்தார்கள். நாடகமில்லாத நாட்களில் வெண்திரை தொங்கியது. பேசும் படம் வந்தபின் திரையே மேலோங்கியது. 1935-இல் ஐடியல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தின் கைக்கு அரங்கம் வந்தபோது, அது முழுமையான சினிமாத் தியேட்டராக மாற்றியமைக்கப்பட்டது. பிரபுக்களின் மாடங்கள் அகற்றப்பட்டன. பரோக் அலங்காரங்களின்மீது அந்நாளில் நாகரிகமாயிருந்த ஆர்ட் டெகோ பாணி ஏறியது.

இதை வெறும் ரசனைக் குறைவு என்று தள்ளிவிடுவதற்கில்லை. நாடக மேடை ஆழமுடையது. பக்கவாட்டு மாடத்திலிருந்து பார்ப்பவனுக்கு நடிகனின் ஒரு தோள் மறைந்தாலும் மறு தோள் தெரியும், குரல் கேட்கும், அதைவிட முக்கியமாக, எதிர் மாடத்தில் இருப்பவர்களுக்குத் தானும் தெரிவான். வெண்திரையோ தட்டையானது, பக்கவாட்டிலிருந்து நோக்குபவனுக்கு அதில் விழும் முகங்களெல்லாம் நெட்டையாக ஒடுங்கித் தோன்றும். ஆகவே சினிமா வந்த கணத்திலேயே, அதிகக் கட்டணம் வாங்கிய மாடங்கள் எவரும் விரும்பாத இடங்களாகிவிட்டன. அன்றியும், அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. பொறி பட்டால் பற்றிக்கொண்டு அணையாமல் எரியும் தன்மையது. 1918-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம் உரிமம் வழங்குமுன் ரசிகர்களின் பாதுகாப்பைக் கவனிக்கச் சொன்னதும் அதனால்தான். கார்பன் குச்சிகள் எரியும் புரொஜெக்டரைத் தீப்பிடிக்காத சுவர்களுக்குள் தனி அறையில் வைக்கவேண்டும்; அந்த அறையிலிருந்து கிளம்பும் ஒளிக்கற்றைக்குக் குறுக்கே தூணோ சரவிளக்கோ இருத்தலாகாது. ஆபெராவுக்கென்று பிறந்த ஒரு மாளிகையைச் சினிமாவுக்கு ஆக்குவதென்றால் அதன் அங்கங்கள் சிலவற்றைக் களையாமல் முடியாது. அங்ஙனம் களைந்ததனால்தான் அது மேலும் அறுபதாண்டு கதவு திறந்து கிடந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

நாடகம் முற்றிலும் ஒழிந்துவிடவுமில்லை. 1944-இல் பிருதிவிராஜ் கபூர் தொடங்கிய பிருதிவி தியேட்டர்ஸ் குழு இந்த மேடையையே தன் இருப்பிடமாகக் கொண்டு, தேசப் பிரிவினையின் நிழல் படர்ந்த அந்நாட்களில் இந்து முஸ்லிம் ஒற்றுமையைப் பேசிய நாடகங்களை நடத்தியது. 1952-இல் சௌராஷ்டிரத்துக் கோண்டல் சமஸ்தான மன்னர் குடும்பம் அரங்கத்தை வாங்கியது. அதற்குப்பின் சுமார் முப்பது ஆண்டுகள் ஹிந்திப் படங்களின் வெள்ளி விழாக் காலம். அதைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை.

எண்பதுகளில் வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ காசெட்டும் வீட்டுக் கூடத்துக்கு வந்தபோது, கேளிக்கை வரியும் பராமரிப்புச் செலவும் சுமையாய் அழுத்திக்கொண்டிருந்த பெரிய தியேட்டர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளாடின. நம் பக்கத்தில் அவை கல்யாண மண்டபங்களாயின, கிடங்குகளாயின, மனைகளாயின. ராயல் ஆபெரா ஹவுஸ் 1993-இல் மூடப்பட்டது. பூட்டிய கட்டடத்தின் உள்ளே மும்பையின் பருவமழை ஆண்டுதோறும் இறங்கியது. சுவர் விரிசல்களில் செடிகள் வேர்விட்டன. சுற்றிலும் வைர வணிகர்களின் அலுவலகங்கள் நெருக்கமாக எழுந்து, நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போன அந்தப் பகுதியில், இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவதற்கு வேண்டிய காரணங்கள் அத்தனையும் கூடியிருந்தன.

இடிபடாமற் காத்தவை இரண்டு. ஒன்று சட்டம். 1995-இல் பெரும்பம்பாய்க்கென்று பாரம்பரியக் கட்டட விதிகள் பிறப்பிக்கப்பட்டன. இந்திய நகரங்களில் இதற்கு முன்னோடி இல்லை. பட்டியலில் ஏறிய கட்டடத்தை, தனியார் சொத்தேயாயினும், உரியவர் தம் இஷ்டப்படி இடிக்க முடியாமல் அவை தடுத்தன. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது 2012-இல். அதற்குள் நம் தியேட்டர்களில் எத்தனையோ மண்ணாகிவிட்டன. மற்றொன்று, உரிமையாளரின் மனம். கோண்டல் மன்னர் மரபினர் விற்றுவிடாமல் காத்திருந்து, தங்கள் செலவில் திருப்பணி செய்விக்கத் துணிந்தார்கள். சட்டம் இடிப்பதைத் தடுக்கும். கூரை ஒழுகுவதைத் தடுக்காது. அதற்குப் பணமும் பற்றும் உள்ள ஒருவர் வேண்டும்.

2008-இல் கட்டடப் பாதுகாப்புக் கலைஞர் அபா நாராயண் லாம்பாவிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. சரவிளக்கைத் துடைத்து மாட்டுவதிலும் பொன்வண்ணம் பூசுவதிலும் அல்ல, இடிந்து விழாமல் முட்டுக்கொடுப்பதிலும் நீர் இறங்கும் வழிகளை அடைப்பதிலுமே ஆரம்ப காலம் கழிந்தது. கல்லுக்குள் பொதிந்த இரும்பு உத்தரம் துருவேறினால் பருத்து, தன்னைச் சூழ்ந்த கட்டுமானத்தையே பிளந்துவிடும். ஆகவே இவ்வகைக் கட்டடத்தில் ஈரத்தை வெல்லாமல் அலங்காரத்தில் கைவைப்பது வீண். 2012-இல் உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களைப் பற்றிய தன் கண்காணிப்புப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது, பம்பாய்க்காரர்களே மறந்திருந்த ஒரு பூட்டிய வாசலின் பக்கம் உலகத்தின் கண் திரும்பியது.

இத்தகைய திருப்பணியில் கைவேலை எப்படி நடக்கும் என்பதை நம் ஊர்க் கோயில் ஸ்தபதிகளின் வேலையைக் கண்டவர்கள் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். சுவரில் உள்ளங்கை அளவு இடத்தைத் தேர்ந்து, சிறு கத்தியால் ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டிக்கொண்டே போவார்கள். மேலே நேற்றைய டிஸ்டெம்பர், அதன்கீழ் எண்ணெய் வர்ணம், அதன்கீழ் இன்னொரு வர்ணம் என்று ஏடு ஏடாகப் பிரிந்து, கடைசியில் சுண்ணாம்புக் காரையை ஒட்டி முதன்முதல் பூசிய நிறம் தலைகாட்டும். ஒரு சுதைப் பூங்கொத்தின் இடப்பாதி சிதைந்து வலப்பாதி எஞ்சியிருந்தால், எஞ்சியதிலிருந்து அச்செடுத்து, அதைக்கொண்டே இழந்ததை வார்ப்பார்கள். ஆபெரா ஹவுஸில் அடியோடு மறைந்துபோன மாடங்களுக்கு அச்செடுக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய புகைப்படங்களையும் ஆவணங்களையும் துணைகொண்டு அவற்றைப் புதிதாகவே எழுப்பினார்கள். குவிமாடச் சித்திரங்கள் மீண்டும் தெளிந்தன. முகப்பின் வர்ணக் கண்ணாடிகள் மறுபடி பொருத்தப்பட்டன. 1935-இன் ஆர்ட் டெகோ மாறுதல்கள் களையப்பட்டன.

ஒரு கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால், எந்த ஆண்டின் பழைய நிலைக்கு? 1912-ஐ மீட்பதற்கு 1935-ஐ அழிக்கவேண்டியிருந்தது. கட்டடக் கலையின் நோக்கில் லாம்பாவின் தீர்ப்பு சரியென்றே ஒப்புக்கொள்கிறேன். இந்நாட்டில் எஞ்சியிருக்கும் ஆபெரா மாளிகை இது ஒன்றே, ஆர்ட் டெகோ தியேட்டர்களோ அதே நகரத்தில் இன்னும் உள்ளன. ஆயினும், சினிமாக் கொட்டகைகளின் சரித்திரத்தை எழுதுகிறவனுக்கு ஒரு வருத்தம் எஞ்சுகிறது. மாடத்தில் வீற்றிருந்த பிரபுக்களின் காலம் இருபத்துச் சொச்சம் ஆண்டு. தரை டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று நுழைந்த ஆலைத் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் அந்த அரங்கை நிரப்பிய காலம் அதனினும் இருமடங்குக்கு மேல். மீட்கப்பட்ட மாளிகையில் முன்னவர்களின் இருக்கைகள் திரும்பி வந்தன. பின்னவர்கள் இருந்து போனதற்கு அடையாளம் குறைந்துவிட்டது. அந்தத் தியேட்டரின் ஒரு மூலையையேனும், ஒரு டிக்கெட் சாளரத்தையேனும், 1935-இன் கோலத்திலேயே விட்டு வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இக்கேள்வி நம் பிரதேசத்துக்குப் புதிதன்று. 2002-இல் மத்திய தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்க முற்பட்டபோது, திருவண்ணாமலை மக்கள் திரண்டு எதிர்த்ததும், பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தீபமும் திருவிழாவும் தடையின்றி நடக்கும் ஆலயத்தை ஏதேனும் ஒரு நூற்றாண்டில் நிறுத்திவைத்துக் காப்பது இயலுமா என்பதே அன்று எழுந்த விவாதத்தின் சாரம். சினிமாத் தியேட்டர் கோயிலாகாது. எனினும் நித்தமும் ஜனங்கள் புழங்கும் எந்தக் கட்டடத்துக்கும் இந்தச் சங்கடம் உண்டு.

ஆபெரா ஹவுஸ் மீட்கப்பட்ட வழிக்கு எதிர்வழியையும் மும்பையிலேயே காணலாம். 1938-இல் திறக்கப்பட்டு, 2018-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய விக்டோரிய-ஆர்ட் டெகோ வளாகத்தின் ஓரங்கமாய் விளங்கும் ஈரோஸ் தியேட்டர், சில ஆண்டுகள் மூடிக்கிடந்தபின் 2024-இல் மறுபடி திறந்தபோது, செவ்வண்ணமும் வெண்மையுமான அதன் முகப்பு அப்படியே இருந்தது. உள்ளே ஐமேக்ஸ் திரை வந்திருந்தது. அங்கே உடல் பழையது, உயிர் புதியது. படம் பார்க்கும் வழக்கம் அறாமல் தொடர்கிறது என்பதால் அதையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராயல் ஆபெரா ஹவுஸின் கதவுகள் 2016 அக்டோபரில் திறந்தன. அறுநூறுக்குக் குறைந்த இருக்கைகள். இந்நாளைய ஒலி ஒளி வசதிகள். மேடையும் உண்டு, படம் காட்டும் சாதனமும் உண்டு. பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற பாடகி பட்ரீஷியா ரொஸாரியோ அந்தக் குவிமாடத்தின்கீழ் பாடினார். அதே நாட்களில் மும்பைத் திரைப்பட விழாவின் தொடக்கமும் அங்கேயே நிகழ்ந்தது. இருபத்துமூன்று ஆண்டு இருண்டிருந்த அரங்கில், மாடங்கள் திரும்பி வந்த பிறகும், வெண்திரைக்கு இடமிருந்தது. மறு ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது வரிசையில் இத்திருப்பணி பாராட்டுப் பெற்றது.

அடுத்த பகுதியில் சென்னை அண்ணா சாலைக்குத் திரும்புவோம். 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர், இரண்டே ஆண்டுகளில் படம் காட்டுவதை நிறுத்தி, தபால் இலாகாவின் கைக்குப் போய், அதனாலேயே இன்றுவரை இடிபடாமல் நிற்கும் விதத்தை அங்கே ஆராய்வோம்.

(தொடரும்)